ஏலத்துக்கு வந்த அப்பாவின் பேனா

3 நவம்பர் 2006, வெள்ளி

மாலையில் பிரவுசிங் சென்டரில் பழைய பேனாக்களின் இணைய ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பேனா வந்தது. பச்சை உடம்பு, தங்க நிற மூடி, அதில் பொருந்தாத வெள்ளை கிளிப். பழைய கிளிப் உடைந்தபோது வேறொரு பேனாவிலிருந்து கழற்றி அப்பாவே மாட்டியது. படத்தில் பேனாவுக்கு அடியில் விரித்திருந்தது அண்ணிக்கு நான் சின்னாளப்பட்டியில் எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலை.

அந்தப் பேனா கல்லறைக்குள் அல்லவா இருக்க வேண்டும்? அப்பாவின் சவப்பெட்டியை மூடியதும், பேனாவை எனக்குத் தா என்று அண்ணனிடம் கேட்டேன். "அவரு சட்டைப் பையில சொருகிட்டேன் பாப்பா. அவரோடவே போகட்டும்" என்றான். அந்த நேரத்தில் போய்ப் பொருள் கேட்டோமே என்று இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன். நேற்றுகூடக் கல்லறைத் திருநாளுக்கு வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன்.

"அண்ணே, அப்பா பேனாவ நெசமாவே உள்ள வச்சியா?"

"வச்சேன்ல. இப்ப என்ன அதுக்கு?"

குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

ஏலம் நாளை முடிகிறது. அப்பா பேனாவை நான் ஏன் ஏலத்தில் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது சொல்கிறேன், கேட்கத்தான் போகிறேன். எவன் கேட்டாலும் அதற்கு மேலே கேட்பேன். எடுத்தவர் விலாசம் விற்பவருக்குப் போய்விடுமாம். போகட்டும். பார்சல் மேல் என் பெயரையும், அப்பா கட்டிய இந்த வீட்டின் விலாசத்தையும் அண்ணன் தன் கையாலேயே எழுதட்டும்.