டேலின் சுங்கான்

டேட்டன், ஒஹையோ
மார்ச் 9, 1998

அன்புள்ள மெர்லுக்கு,

ஆர்வின் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாயே, அதுவே எனக்குப் பெரிது. டூசானில் மகள் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்த ஊர் வெயிலுக்கு உன் முட்டிவலி குறைந்திருப்பதாக நம் சங்கத்து லீராய் சொன்னான். இங்கே வாசலில் இன்னும் பனி கிடக்கிறது. உன் வெயிலின் மேலும் எனக்குப் பொறாமைதான் என்று வைத்துக்கொள்.

நோரீன் நன்றாக இருக்கிறாள். போன மாதம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று அவள், "இனிமேலாவது உள்ளதை உள்ளபடி பாரு" என்றாள். அவளிடம் நான் நம் விஷயம் எதையும் சொன்னதில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

ஆர்ன்ஸ்பி தொழிற்சாலையின் புகையிலைச் சுங்கான்களைப் பற்றி நான் எழுதிய சின்னப் புத்தகத்தை நம் சேகரிப்பாளர் சங்கம் மறுபடி அச்சிடுகிறது. திருத்தம் இருந்தால் கொடு என்றான் லீராய். பதினெட்டாம் பக்கம் உனக்கு மனப்பாடமாகவே இருக்கும். போரினால் கடல் கடந்து ப்ரையர் செடியின் வேர்க்கட்டை வருவது நின்றுபோனது, அதனால் 1942இல் ஆர்ன்ஸ்பி தொழிற்சாலை உள்ளூர் மலை லாரல் வேரில்தான் சுங்கான் செய்தது என்று எழுதியிருந்தேன். அதுவரை சரி. அடுத்த வரியில், 'ப்ரையர் சுங்கானில் 42 என்ற ஆண்டு முத்திரை இருந்தால் அது போலி' என்று சேர்த்தேன். அந்த ஒரு வரி உனக்காகவே எழுதியது.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆர்ன்ஸ்பியில் முத்திரை குத்தும் மேசையில் வேலை பார்த்த ஓபல் ப்ரெண்ட் வீட்டைக் கண்டுபிடித்தவன் நான். பதினோரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்து, எந்த ஆண்டு எந்த அச்சு, எந்தச் சாயம், காம்பின் வளையத்தை எப்போது மாற்றினார்கள் என்று துருவினேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். உன்னை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். நீ என்ன கேட்டாய்? அவள் சுட்ட ருபார்ப் பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இவரு யாருங்க, சிரிப்பு உங்களை மாதிரியே இருக்கு" என்றாய். அவ்வளவுதான். அவள் அண்ணன் டேலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். மிச்சமிருந்த ப்ரையர் வேரில் பன்னிரண்டு சுங்கான் செய்து, படைக்குப் போகும் பன்னிரண்டு தொழிலாளிகளுக்கு முதலாளி கொடுத்ததும், டேல் போரில் செத்துப்போக, அவன் சுங்கான் மட்டும் இத்தாலியிலிருந்து தபாலில் திரும்பி வந்ததும் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். பதினோரு தடவையில் அந்தப் படத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை, மெர்ல்.

கிளம்பும்போது அவள் அதைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தாள். என் கையில் இல்லை. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் நீ வானொலிப் பாட்டோடு சேர்ந்து சீட்டியடித்தாய். எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருடம் தேடியவன் நான், ஒரு மதியத்தில் வாங்கிக்கொண்டவன் நீ.

அடுத்த வாரம் சங்கத்தின் காலைச் சாப்பாட்டில் அதை எல்லாரிடமும் காட்டினாய். ஓபல் சொன்னதையும் சொன்னாய். லீராய், "ஆர்வின் பாத்து சொன்னா சரி, அவன் கண்ணுக்குத் தப்பாது" என்று என் பக்கம் நகர்த்தினான். நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். முத்திரையில் 2இன் வால் நுனியில் ஒரு சின்ன உடைவு. என்னிடம் இருக்கும் ஏழு லாரல் சுங்கானிலும் அதே உடைவு உண்டு. அதே அச்சு. சந்தேகமே இல்லை. அது அசல் என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். லென்ஸை மடித்துவிட்டு, "பழைய சுங்கான்ல யாரோ புதுசா முத்திரை குத்தியிருக்காங்க. பாவம், கிழவி உன்னை நல்லா ஏமாத்திட்டா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். முட்டைகூடப் பாதியில் கிடந்தது. அதற்குப் பிறகு நீ வரவேயில்லை.

போன வியாழக்கிழமை நானே ஓபலைப் பார்க்கப் போனேன். திருத்தம் எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் உள்ளே கூப்பிடவில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள். சங்கத்தில் நான் பேசியது அவள் காதுக்கு எப்போதோ போயிருக்கிறது. "நீ பொய்னு சொன்னது பைப்பையா, எங்கண்ணனையா?" என்று கேட்டாள். அசல் என்று தெரிந்தேதான் அப்படிப் பேசினேன் என்று மட்டும் சொன்னேன். "எங்கிட்ட எதுக்கு வந்து நிக்கிற? மானம் போனது மெர்லுக்கு. அவனுக்கு எழுது, போ" என்று உள்கதவையும் சாத்திவிட்டாள்.

சனிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் நினைத்த மாதிரி யாரும் கத்தவில்லை. வால்டர் மட்டும், "அப்போ நீ பாத்துச் சொன்ன மத்ததையெல்லாம் நாங்க எதை நம்பி வெச்சிருக்கோம்?" என்றான். இனி என்னிடம் யாரும் எதையும் காட்டிக் கேட்கமாட்டார்கள். பதினெட்டாம் பக்கத்தை அடித்துவிட்டு, பன்னிரண்டு சுங்கான்களின் கதையை எழுதிக் கொடுத்துவிட்டேன். டேல் ப்ரெண்ட் பெயர் முதலிலும், அதைக் கொண்டுவந்த உன் பெயர் அடுத்தும் இருக்கிறது.

என் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இதை எழுதும்போதும் அந்தச் சுங்கான் உன் அலமாரியில் இருக்கும் என்ற நினைப்பு நெஞ்சில் குத்துகிறது. ஆனால் அது என்னிடம் வந்திருந்தால், இத்தனாவது உருப்படி என்று ஒரு எண் ஒட்டி வைத்திருப்பேன். டேல் யார் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. ஓபல் ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள்.

மே மாதம் சிகாகோ கண்காட்சியில் சங்கம் உன் பெயரில் ஒரு மேசை எடுத்திருக்கிறது. இந்த வருடம் எனக்கு மேசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முட்டிவலியோடு நீ பெட்டிகளைத் தூக்கி அலைய வேண்டாம், நான் வாசலில் நிற்பேன். டேலின் சுங்கானை நான் தொடமாட்டேன். பேச விருப்பமில்லை என்றால் பேசவும் வேண்டாம். ஆனால் ஒன்று, மெர்ல். அன்றைக்கு என்னைத் திட்டாமலே போய்விட்டாய். ஆறு வருடமாக அந்தத் திட்டு பாக்கியாகவே நிற்கிறது. எல்லார் முன்னாலும் ஒரு தடவை திட்டிவிடு. அதற்காகவாவது வா.

உன் வருகையை எதிர்பார்த்து,
ஆர்வின் ஸ்டோல்ஸ்