உடைந்த காந்தம்

கொல்லம் 1109, ஆடி 12. இரவு.

இன்று வகுப்பில் காந்தப் புலத்தைக் காட்ட இரும்புத்தூள் கிடைக்கவில்லை. முட்டம் கடற்கரையின் இரும்பு கலந்த கரிமணலைக் காயவைத்து, காந்தத்தின் மேல் விரித்த காகிதத்தில் தூவித் தட்டினேன். மணல் வளைந்து வளைந்து கோடுகளாக நின்றது. பிள்ளைகள் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பலசரக்குக் கடைக்காரர் வகுப்புக்குள் நுழைந்தார். தன் மகள் செல்லம்மையின் தலை, மீன்காரி மகள் மரியாளின் தலையோடு உரசியது மட்டுமே அவர் கண்ணில் பட்டது.

“ஏட்டி, அவகூட ஒட்டிக்கிட்டா நிக்க?”

மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காந்தத்தைப் பிடுங்கிக் கருங்கல் சுவரில் எறிந்தார். அது இரண்டாக உடைந்தது. மறுபடியும் பிள்ளைமேல் கை ஓங்கினார். என் பிரம்பு அவர் மணிக்கட்டில் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

“ஒனக்கு இனி இங்க வேல இல்லலே!” என்று கத்திக்கொண்டே பள்ளி மானேஜரிடம் ஓடினார்.

வேலை போகும். போகட்டும். பிரம்பு ஒடியும்வரை அடிக்கவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

செல்லம்மை அழவில்லை. கன்னத்தில் ஐந்து விரலும் தடித்திருக்க, துண்டுகளைப் பொறுக்கி மணலில் வைத்துப் பார்த்தாள்.

“சாரே, ஒடஞ்சும் ரெண்டும் மணல இழுக்கு.”

ஒன்றை மரியாள் கையில் கொடுத்தாள்.