அக்கா எடுத்த கல்

நவம்பர் 2, ஞாயிறு

அக்கா தேவாலயத்தில் திருடிவிட்டாள். அயர்லாந்தில் ஏதோ ஒரு தீவு. அங்கே கூரையில்லாத பழங்காலத் தேவாலயம். அந்த இடிபாட்டிலிருந்து எடுத்த கல்லை வீடியோ காலில் காட்டினாள்.

“அம்மா கல்லறைல வைக்கணும், தம்பி.”

இன்று கல்லறைத் திருநாள். நான் மட்டும் தனியாகப் போய்ப் புல் பிடுங்கி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த எரிச்சல்.

“ஆயிரம் வருசமா கிடந்த கல்லு, அக்கா. எடுத்த இடத்துலயே போடுங்க. அடக்கத்துக்கே வராதவங்களுக்கு இது எதுக்கு?”

அழுதாள். அங்கே முதியோர் இல்லத்தில் யார் யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டுகிறாள். எங்கள் அம்மா செத்தபோது முதலாளி லீவு தரவில்லை. அவனைத் திட்ட வேண்டிய வாயால் அவளைத் திட்டினேன்.

‘கல்லு வேணாங்க்கா. நீங்க வாங்க’ என்று அனுப்பினேன். படித்துவிட்டாள்.