காலண்டரைப் பார்த்துப் போட்ட டிக்கெட்

நோன்பு 26, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. கடையில் ஒரு செயின் செட், இரண்டு பிரேக் ஒயர் விற்றது. மற்ற நேரமெல்லாம் கொச்சித் திட்டம்.

வெள்ளி பெருநாள். தொழுகை, அண்ணன் வீட்டில் பிரியாணி. சாயங்காலம் சென்ட்ரலில் ரயில். சனி காலை கொச்சி, மாலை கால்பந்து மேட்ச். ஞாயிறு படகு, கடற்கரை. திங்கள் வீடு. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் போட்ட திட்டம் என்று யாராவது சொல்வார்களா?

மகள் ரிஸ்வானாவிடம் டிக்கெட்டைக் காட்டினேன். பார்த்தாள். சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, ஜன்னல் சீட்டான்னு அத்தாவக் கேளு" என்றாள். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். மும்தாஜ் வெளியே வந்து என்னைக் கேட்டாள். ஜன்னல்தான் என்று மும்தாஜிடம் சொன்னேன். ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டில் தபால் இந்த வழியாகத்தான்.

ஜனவரியில் மாவட்டக் கேம்ப்புக்கு மகளைக் கூப்பிட்டார்கள். ஸ்கூல் டீமில் கோல்கீப்பர். அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. பொண்ணு வெளியூரில் தங்கி பந்தாடுவதா என்றார் அண்ணன். நான் முடியாது என்று சொல்லவில்லை. பேனா தேடினேன். கடைசித் தேதி போகும்வரை தேடினேன். கடைக்காரனுக்குப் பேனா கிடைக்காதாம்.

நோன்பு 27, செவ்வாய்

வெயில். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஸ்கூட்டிக்கு பல்பு வாங்க வந்தார். கொச்சிப் பெருமை பேசினேன். பொறுமையாகக் கேட்டார்.

"வெள்ளிக்கெழம பெருநாள்னு யாரு சொன்னது பாய்?"

சுவரைக் காட்டினேன். சிவப்பு எழுத்தில் ரம்ஜான்.

"காலண்டர் அச்சடிச்சவரு போன வருசமே பிறை பாத்துட்டாரா?"

பல்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழன் மாலை பிறை தெரிந்தால் வெள்ளி பெருநாள். தெரியாவிட்டால் நோன்பு முப்பது, பெருநாள் சனி. மேட்சும் அன்றைக்குத்தான். பிறந்ததிலிருந்து பிறை பார்த்துப் பெருநாள் கொண்டாடுகிறவன் காலண்டர் பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறேன். வேறு எந்த மதத்துக்காரனுக்கும் இந்தத் தப்பு வராது.

எங்கள் அத்தா மௌத்தாகி அடக்கமான பிறகு பெருநாள் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். ஒரே சஹன் தட்டைச் சுற்றி எல்லாரும். ஒரு வருஷமும் தவறியதில்லை.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். வேறு நாளில் இடம் இல்லை. மேட்சைத் தள்ளிவைக்க மனு எங்கே கொடுப்பது என்று மட்டும் கேட்கவில்லை.

நோன்பு 29, வியாழன்

மேகம். பகலெல்லாம் வானத்தையே பார்த்ததில் கழுத்து வலி.

நோன்பு திறந்த கையோடு சதுரங்கப்பட்டினம் கடற்கரை. பதினைந்து பேர், கடலுக்கு முதுகைக் காட்டி, சவுக்குத் தோப்புக்கு மேலே மேற்கே பார்த்து நின்றோம். ரிஸ்வானா தள்ளி, கவிழ்த்த படகு ஒன்றின் மேல் ஏறி நின்றாள். நான் இவ்வளவு உருகிப் பிறை தேடியதில்லை.

ஒரு நிமிடம், "அதோ" என்று கை நீட்டிவிடலாமா என்று இருந்தது. பேரீச்சம்பழம் இன்னும் வாயில். அந்த வாயால் பொய்ச் சாட்சி. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

இங்கே தெரியவில்லை. சனிதான் பெருநாள் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். கேரளாவில் தெரிந்துவிட்டதாம். அங்கே நாளைக்கே. எங்களுக்கு முன்னால் பிறை கொச்சிக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் குரல், உள்ளேயிருந்து: "அம்மா, டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடச் சொல்லு. எனக்குத் தெரியும்."

அந்த 'எனக்குத் தெரியும்' சாப்பாட்டோடு இறங்கவில்லை. கேன்சல் பண்ணவில்லை.

நோன்பு 30, வெள்ளி

காற்று. காலையிலேயே அண்ணன் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்குப் பெருநாள். நீ இன்னிக்கு ரயில் ஏறுறியாமே."

"ஆமாண்ணா."

"பந்தாட்டம் பாக்க. வயசுப் புள்ளய இட்டுகினு."

"ஆமாண்ணா."

"அத்தா இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

அத்தா இருந்தால் எந்த டீம் என்று கேட்டிருப்பார். சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம் என்றேன். என் குரல் பதினைந்து வயதுப் பையன் குரலாக வந்தது. சலாம் சொல்லாமல் போய்விட்டார்.

மும்தாஜ் வரவில்லை. நாளை அண்ணன் வீட்டுக்கு அவள் போகிறாள். "ஏச்சு வாங்க ஒரு ஆள் வேணுமில்ல, நான் போய் ஒக்காந்துக்கிறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கண் அப்படிச் சொல்லவில்லை.

எடுத்தவை: கஞ்சித் தூக்கு. பேரீச்சை. பெருநாள் சட்டை. அத்தர். அவளுடைய கோல்கீப்பர் கையுறை (பார்க்கத்தானே போகிறோம்? கேட்கவில்லை).

நாளை கொச்சியில் பெருநாள் முடிந்திருக்கும். ஊரில் பெருநாள், நான் இருக்க மாட்டேன். இரண்டு ஊரிலும் பெருநாளைத் தவறவிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சென்ட்ரல் பிளாட்பாரத்தில் பாங்கு நேரம் பார்த்து நோன்பு திறந்தோம். ஒரே தூக்கில் கஞ்சி, இரண்டு ஸ்பூன்.

"அத்தா."

நேராக என்னைத்தான். திரும்பி மும்தாஜைத் தேடினேன், பழக்கதோஷம்.

"பெரியத்தா இப்பவும் வேணாம்னுதான சொன்னாரு?"

"ஆமாம்மா."

"இருந்தும் கெளம்பிட்டீங்க."

"ஆமா."

இன்னொரு ஸ்பூன் கஞ்சி குடித்தாள்.

"அப்போ ஜனவரியில?"

ரயில் வந்தது. பையைத் தூக்கினேன், சீட்டைத் தேடினேன், தண்ணி பாட்டில் வாங்கினேன். பெரம்பூர் தாண்டிவிட்டது. எதிர் சீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் குனிந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் பார்ப்பது என் முகத்தை இல்லை, கையிலிருக்கும் பேனாவை