இரு கரைக்கும் நடு ஆள்

2024 மார்ச் 3, ஞாயிறு

காலையில் பயிற்சி. மைதானத்தின் ஓரங்களில் பனி இன்னும் கிடக்கிறது. முழங்கால் நோகிறது. வயதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை.

பூசை முடிந்து அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "இந்த முறையும் நீதான் கப்டனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப பேச்சு வாங்கிறதும் நீதான்," என்றார்.

அம்மாவுக்கு ரக்பி விளங்காது. ஆனால் எங்கள் கழகம் நன்றாக விளங்கும். இந்த மொன்ட்ரியால் நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் ஆங்கிலக் கழகமும் மொன்ட்ரியால்-நோர் பகுதியின் பிரெஞ்சுக் கழகமும் தனியே நின்று பிடிக்க முடியாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து உருவாக்கிய தொழில்முறை அணி இது. பெயர் டு ரீவ், அதாவது இரு கரை. சட்டையில் ஒரு கை ஆங்கிலக் கழகத்தின் நீலம், மறு கை பிரெஞ்சுக் கழகத்தின் சிவப்பு. கப்டன் எந்தக் கரையையும் சேராதவனாக இருக்கவேண்டும் என்பது முதல் நாளே போட்ட விதி. முதலில் ஒரு நியூசிலாந்துக்காரன், பிறகு ஓர் ஆர்ஜென்டீனாக்காரன். இப்போது, இரண்டு பகுதிக்கும் வெளியே பார்க்-எக்ஸில் வளர்ந்த மன்னார்த் தமிழன் நான்.

ஏப்ரல் 6, சனி

வென்றோம். வழமைபோல நீலக்காரர் கிழக்குப் பக்கம், சிவப்புக்காரர் மேற்குப் பக்கம். ஜோஸ்லேன் பந்தோடு விழுந்து புள்ளி எடுத்தபோது மேற்கு மட்டும் எழுந்து நின்றது. ஜோஸ்லேன் மொன்ட்ரியால்-நோர்க்காரன். இரு அணியும் குனிந்து தலை கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் என் வலது தோளோடு தோளாக நிற்பவன். அவன் பிடி தளர்ந்தால் என் கழுத்து முறியும். ஆறு வருடமாகத் தளர்ந்ததில்லை.

வெளியே எமிலியானுஸ் அண்ணையைக் கண்டேன். கண்டியில் படித்த காலத்தில் ரக்பி விளையாடியவர், இப்போது இருப்பது நோத்ர-டாம்-த-கிரேஸில், ஊறிப்போன நீலம். நல்ல ஆட்டம்தானே, ஜோஸ்லேனுக்குக் கை தட்டினால் என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்துக்குத் தட்டினா எனக்குக் கை நோகும் தம்பி," என்றார்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கவலையாக இருந்தது. ஒரே சட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஏன் ஒன்றாக இருக்கமாட்டார்கள்?

மே 14, செவ்வாய்

கழகத்தை விற்கப்போகிறார்களாம்.

மே 19, ஞாயிறு

உண்மைதான். வாங்குவது ஒட்டாவாக்காரர். ஆட்டக்காரரையும் லீக்கில் உள்ள இடத்தையும் எடுப்பார்கள். பெயர் வேண்டாமாம், இரண்டு நிறக் கையும் வேண்டாமாம். சட்டை முழுக் கறுப்பு. பெயர் சுறாக்கள். ஒட்டாவாவில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

கழகத்தில் காசில்லை. விற்காவிட்டால் இந்தப் பருவத்தோடு அணியை மூடவேண்டியதுதான். எல்லோரும் வேலை இழந்து வீட்டுக்குப் போகவேண்டும். விற்றால் ஒருவரையும் விடாமல் எடுப்போம் என்று ஒட்டாவாக்காரர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

ஜோஸ்லேனுக்கு மூன்று பிள்ளைகள். ரக்பியை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா?

யூன் 2, ஞாயிறு

நிர்வாகசபை வாக்கெடுத்தது. சிவப்பு விற்கச் சொல்கிறது, பெடியளின் வேலைக்காக. நீலம் முடியாது என்கிறது, பெயருக்காக. சரிசமன். சரிசமனானால் கப்டன் தீர்க்கவேண்டும் என்பதும் அந்த முதல் நாள் விதிதான். அடுத்த ஞாயிறு சொல்லவேண்டும்.

எமிலியானுஸ் அண்ணை தொலைபேசியில் எடுத்தார். "பேரை வித்துப்போட்டு என்னத்தை வச்சிருக்கப்போறாய்? சொல்லு பாப்பம்."

அம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார். "அங்க ஊர்ச் சண்டையில ரெண்டு பக்கத்துக்கும் நடுவில நிண்டு பட்டது காணாதே? இஞ்ச வந்தும் நடுவிலயோ நிக்கிறாய்?"

நடுவில் நிற்பது பெருமை என்றல்லவா நினைத்திருந்தேன்.

யூன் 9, ஞாயிறு

விற்கலாம் என்றேன்.

ஜோஸ்லேனின் பிள்ளைகளை நினைத்துத்தான் சொன்னேன். அதை அந்த அறையில் சொல்லவில்லை. நீலக்காரர் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிவப்புக்காரர் கை குலுக்கினார்கள், ஆனால் முகத்தில் சந்தோசமில்லை. வீட்டில் மனைவி ஷெரோன் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அது ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூலை 12, வெள்ளி

என்னை எடுத்திருக்கிறார்கள். ஜோஸ்லேனை எடுக்கவில்லை. மொன்ட்ரியால்-நோர்க்காரர் ஒருவரையுமே எடுக்கவில்லை. இளம் ஆட்டக்காரர் வேணுமாம். ஜோஸ்லேன் என்னைவிட இரண்டு வயது இளையவன். பச்சைப் பொய் சொல்லுறாங்கள். பாவியள். முகத்துக்கு நேர சொன்னாங்களே, எல்லாரையும் எண்டு. நான் நம்பினனே.

எழுத முடியவில்லை.

யூலை 20, சனி

ஜான்-டலோன் சந்தையில் ஜோஸ்லேனைக் கண்டேன். தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஒட்டாவாவுக்குப் போகமாட்டேன், நானும் விலகுகிறேன் என்றேன். பெட்டியைக் கீழே வைத்தான். "நீ விலகினால் என்னைக் கூப்பிடுவார்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்படியானால் போ. உன் விலகலை என் பிள்ளைகள் தின்ன முடியாது."

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனான்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

ஒட்டாவா. அம்மா எங்களோடு வரமாட்டேன் என்றுவிட்டார். கறுப்புச் சட்டை அளவாக இருக்கிறது.

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அம்மாவைப் பார்க்க மொன்ட்ரியால் வந்தோம். கோயில் வாசலில் எமிலியானுஸ் அண்ணை நின்றார். ஷெரோனிடம் சுகம் விசாரித்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மா பிறகு சொன்னார்: "ரெண்டு கழகமும் சேந்து விளையாடுதாம். சம்பளம் ஒண்டும் இல்லையாம். உன்னைத் திட்டத்தான் முதல் கூடினவையாம், பேந்து அப்பிடியே சேந்திட்டினம்."

ஓகஸ்ட் 16, சனி

பருவம் முடிந்து ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பழைய ரசிகர்களோடு நல்லுறவு வேண்டுமாம் எங்கள் முதலாளிக்கு. மொன்ட்ரியாலில், எங்கள் பழைய மைதானத்தில். விருந்தாளி அணியின் அறைக்குள் முதல்முறையாகப் போனேன். யன்னல் இல்லாத அறை. இத்தனை வருடம் மற்றவர்களை இதற்குள்ளா அடைத்தோம்?

எதிரே நீலக் கையும் சிவப்புக் கையும் உள்ள சட்டை. அவர்களின் கப்டன் ஜோஸ்லேன்.

நான் மைதானத்தில் கால் வைத்ததும் ஊளை எழுந்தது. பழகிய காது கிழக்கா மேற்கா என்று தேடியது. இரண்டு பக்கமும்தான். கிழக்கில் சிவப்புச் சால்வைகள், மேற்கில் நீலத் தொப்பிகள், எல்லாம் கலந்து கிடந்தன. எமிலியானுஸ் அண்ணை மேற்கில், மொன்ட்ரியால்-நோர்ப் பெண்களுக்கு நடுவில் நின்று தமிழில் தூஷணத்தால் திட்டினார். அத்தனை பேரில் அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் விளங்கியிருக்கும். அம்மா அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவரைத் தடுக்கவில்லை.

முதல் ஸ்க்ரம்மில் ஜோஸ்லேனின் தலை என் இடது காதோடு உரசியது. முழுப் பலத்தோடும் தள்ளினான். ஒருகாலத்தில் என்னைத் தாங்கிய பலம் எவ்வளவு என்று இன்றுதான் தெரிந்தது.

நாங்கள்தான் வென்றோம், பெரிய வித்தியாசத்தில். ஆனால் அவர்கள் ஒரேயொரு தடவை புள்ளி எடுத்தபோது கிழக்கும் மேற்கும் சேர்ந்து எழுந்து நின்றன. எமிலியானுஸ் அண்ணை கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். எடுத்தவன் மொன்ட்ரியால்-நோர்ப் பெடியன்.

முடிந்ததும் ஜோஸ்லேன் கை தந்தான். இப்போது கப்டனுக்கு என்ன விதி என்று கேட்டேன். "விதி ஒன்றுமில்லை. யார் எந்தக் கரை என்று யாரும் கேட்பதில்லை," என்றான்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு ஷெரோன் தொலைபேசியில் கேட்டாள், "அழுறீங்களோ?" என்று. இல்லை என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன். இப்படி ஓர் அணிக்குக் கப்டனாக இருக்கத்தான் நான் ஆசைப்பட்டேன்.