வலி உண்டோ?

இருமலை எங்களிடம் விட்டுவிட்டுப் போன அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருடமாகிறது. நல்ல செய்தியோடு தொடங்க வேண்டுமென்று இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். அப்படி எதுவும் இல்லை. தம்பி மணி ஐந்து மாதமாக வேலைக்குப் போகவில்லை. அவன் மீண்டு வருவானா என்று எனக்குத் தெரியவில்லை.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் நாம் மூவரும் இருந்த ஒற்றை அறை நினைவிருக்கிறதா? அம்மா இறந்த வருடம்தான் அங்கே குடிவந்தோம். கோர்ட்டில் டைப் அடித்தது போக மீதியை வீட்டில் அடிப்பீர்கள். உதட்டோரத்தில் சிகரெட் இருக்கும், சாம்பல் மெஷினுக்குள் உதிரும். மழை வந்தால் தாள் நனையுமென்று ஜன்னலையும் சாத்திவிடுவீர்கள். நான் வெளியே ஓடிவிடுவேன். மணி ஓடமாட்டான். அப்பா இருமும்போது பக்கத்தில் ஆள் வேண்டும் என்பான்.

இருமல் முற்றிய நாட்களில் அவனைக் கூப்பிட்டு உச்சியில் கை வைப்பீர்கள். "இவன் தலை மேல சத்தியம்லே, நாளையோட விட்டுட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில், வெற்றிலை விற்கும் முறுக்கான் கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் நீங்கள் பற்றவைப்பதை அவன் பார்ப்பான். சத்தியம் பொய்த்தால் அந்தத் தலைக்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அவன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். அதைப் பார்த்து நான் சிரித்தேன், அப்பா.

போன மழைக்காலத்தில் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து என் ஆபீசுக்கு போன் வந்தது. பஸ்ஸில் யாரோ ஒரு மீன்காரர் இருமியிருக்கிறார். மணி அவர் பின்னாலேயே இறங்கிப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. உங்கள் தம்பியா என்று மீன்காரர் என்னிடம் பாய்ந்தார்.

"நிங்ஙட அனியனா சாரே? ரெண்டு மணிநேரமா வாசல்ல நிக்குது. கள்ளனாக்கும்னு நினைச்சேன். எந்தா காரியம்னு கேட்டா, இருமல் நின்னுச்சான்னு எங்கிட்டக் கேக்குது!"

கூட்டம் சிரித்தது. "நின்னுச்சு, போய்க்கோ" என்று அவர் சொன்ன பிறகுதான் மணி நகர்ந்தான்.

அதற்குப் பிறகு மனநோய் ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமைதோறும் தனியாகவே போனான். எனக்குச் சட்டசபைச் செய்தி திருத்தும் வேலை இருந்தது, எப்போதும்போல ஏதாவது இருந்தது. நான்காவது வாரம்தான் கூடப் போனேன்.

டாக்டர் மலையாளி, இளைஞர், தன்மையானவர். "வலி நிர்த்தியோ?" என்று தொடங்கினார்.

"நிக்கலையே சார்" என்றான் மணி.

"மனசு வெச்சா நிர்த்தாம், கேட்டோ."

"மனசுலதானே சார் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் வலி என்றால் புகைப்பது. முதல் நாள் "வலி உண்டோ?" என்று அவர் கேட்டிருக்கிறார். "உண்டு, சின்ன வயசிலேர்ந்து" என்று இவன் சொல்லியிருக்கிறான். மலையாளத்தில் படித்தவன், மலையாளத்தில் ஃபைல் எழுதுகிறவன். நோய் வந்ததும் அவனிடம் வீட்டுத் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிறுவயது முதல் கடும் புகைப்பழக்கம் என்று சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தறியாதவன், அப்பா.

இருபது வருடமாகப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். தவறைச் சொன்னேன். அந்த வரியை வெட்ட டாக்டர் பேனாவை எடுத்தார். "பின்னே ஆரா வலிச்சது?"

"அப்பா" என்றேன்.

"வெட்டாண்டாம் சாரே" என்றான் மணி. "ஒரே ரூம்லதான இருந்தோம். இருக்கட்டும்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். பிறகு நான் தனியாகக் கேட்டேன். இது ஒன்றால்தான் என்று சொல்ல முடியாது என்றார். ஆகவே நானும் அப்படி எழுதவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தி, "அண்ணே, அப்பா இருமுதாரு" என்கிறான். மாத்திரையை மாற்றியாயிற்று. இருமல் மாறவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்றால் அழுகிறான். கேட்கிறது என்றால் எழுந்து உங்களைத் தேடுகிறான். நான் எதைச் சொல்வது?

உங்கள்மேல் கோபப்படவும் வரமாட்டேன் என்கிறது. அம்மா போன பிறகு உங்களுக்கு வேறு என்ன இருந்தது? சிகரெட்டை விட உங்களால் முடியவில்லை, சரி. அந்தக் கையையாவது அவன் தலையிலிருந்து எடுத்திருக்கக் கூடாதா?

நேற்று அவன் உச்சியில் எண்ணெய் வைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டான். "சத்தியம் மட்டும் பண்ணாதீங்கண்ணே" என்றான்.

அதனால் அவனிடம் சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இனிச் செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேறு வேலை கிடையாது. அவன் தேறினாலும் தேறாவிட்டாலும் கூடவே போவேன். இந்த வாக்கை நான் யார் தலைமேலும் வைக்கவில்லை, அப்பா.

உங்கள் மூத்த மகன்,
மணிக்கு அண்ணன்