ஞாயிற்றுக்கிழமை ஏறும் பிரஷர்

வெள்ளவத்தை,
புதன்கிழமை.

அன்புள்ள மகள் ஹம்சிகாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் நான் நலமா இல்லையா என்பது எனக்கே விளங்கவில்லை. அம்மா நலம், அதில் குழப்பமில்லை. நீ மெல்பேர்னில் வேளைக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்க மயூரபதி அம்மன் துணை. டெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். டெலிபோனில் நான் வாயைத் திறக்க முன்னமே பிரஷர் மெசினைக் கையில் கட்டச் சொல்லுவாய், அதனால்தான்.

பிரஷருக்கு டொக்டர் தந்த குளிசை மட்டும் போதாது, உடம்பையும் மனதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று நீ சொன்னதெல்லாம் செய்து பார்த்தேன். நீ அனுப்பிய சாப்பாட்டு அட்டவணை தயிர் நல்லது என்கிறது, கொட்டாஞ்சேனைப் பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத் தயிரைத் தொடவே கூடாது என்கிறார். டொக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார், யோகாசனம் சொல்லித்தருகிற பிள்ளை தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கட்டாம். அவளே கண்ணை மூடி ஒன்றையும் நினைக்காமல் இருங்கோ என்கிறாள், நான் ஒன்றையும் நினைக்கக்கூடாது என்பதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். இருக்கிறது ஒரு உடம்பு, அதற்கு இத்தனை முதலாளிமார். உப்பில்லாத தேங்காய்ச் சம்பலைத் தின்றும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன்னால் மெசினைக் கட்டினால் நூற்று எழுபதுக்குக் கிட்ட நிற்கிறது. நான் குறைத்துச் சொல்லிவிடுவேன் என்று, நீ வீடியோவில் பார்க்கிற நேரம் மட்டும்தான் கட்டவேண்டும் எனச் சட்டம் போட்டவளும் நீதானே.

அந்த எண்களை நீ டொக்டருக்கு அனுப்ப, அவர் போன மாதம் இன்னொரு குளிசை சேர்த்தார். இனி எழுதுவதைப் பயப்படாமல் வாசி. போன வெள்ளி காலை கடற்கரைக்கு நடக்கப் போனபோது, ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் தலை சுற்றித் தண்டவாளத்திலேயே குந்திவிட்டேன். மீன் வாங்க வந்த ஒரு சிங்கள மனுசி கையைப் பிடித்துத் தூக்கி, பஸ் ஓடுகிற காலி வீதி வரைக்கும் கூட்டிவந்து விட்டாள். ரயில் வந்தது அதற்குப் பிறகுதான். அம்மா அழுதுகொண்டு போய்க் கீழ்வீட்டு நேசமலரைக் கூட்டிவந்தாள், அவர் நேர்ஸாக இருந்து பென்சன் எடுத்தவர் அல்லவா. அவர் அதே மெசினைக் கட்டிப் பார்க்க, நூற்றைக்கூட எட்டவில்லை. பட்டரி மாற்றினோம், மற்றக் கையில் கட்டினோம், சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறு உனக்கு முன்னால் கட்ட, திரும்பவும் ஏறி நிற்கிறது. அண்ணைக்கு இந்தப் பிரஷர் வருத்தம் ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தானோ என்று நேசமலர் என்னைக் கேட்டார். திங்கள் டொக்டரிடம் போனோம். சிலருக்கு டொக்டரைக் கண்டால் பிரஷர் ஏறும், உங்களுக்கு மகளைக் கண்டால் ஏறுது என்று சொல்லி, மற்ற நாட்களில் பிரஷரை அளவுக்கு மீறி இறக்கிய புதுக் குளிசையை நிற்பாட்டிவிட்டார். பெற்ற பிள்ளையைக் கண்டால் ஏன் ஏறவேண்டும் என்று கேட்டேன். அதுக்கு என்னட்ட மருந்தில்லை என்றார்.

அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், பிடிபடவில்லை. மெசின் கையை இறுக்கும்போது நான் எண்ணைப் பார்ப்பதில்லை, உன் முகத்தைத்தான் பார்க்கிறேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாய், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது. எண் கூடினால் இந்தப் பிள்ளை இன்று நித்திரை கொள்ளாதே என்று எனக்கு நெஞ்சு அடிக்கிறது, அடிக்க அடிக்க எண் கூடுகிறது, அதைக் கண்டு நீ இன்னும் பயப்படுகிறாய். இதில் யாருக்கு வருத்தம், யார் மருந்து குடிக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை மகள். நீ என்ன சமைக்கிறாய், வேலை முடிந்து வந்து யாரோடு கதைக்கிறாய் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என் உப்பையும் தண்ணீரையும் விசாரிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

மெசினை நேசமலர் வீட்டில் கொடுத்துவிட்டேன், கிழமை நாட்களில் அவர் பார்ப்பார், டொக்டருக்கும் அவரே சொல்லுவார். இந்த ஞாயிறு நீ உன் சோற்றுக் கோப்பையோடு வந்து இரு, நாங்கள் தேத்தண்ணீரோடு இருப்போம். நீ சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும் என்று அம்மாவும் சொல்கிறாள். உன் தலையில் எங்கள் இருவரின் கையும் எப்போதும் இருக்கிறது என்று நினைத்துக்கொள், நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

மறக்காமல் ஒன்று செய். நீயும் ஒரு மெசின் வாங்கி உன் கையில் கட்டிப் பார். எண்ணை நேசமலருக்கு அனுப்பு, எனக்குச் சொல்லாதே. சொன்னால் எனக்கு ஏறிவிடும்.

உன் அன்பு அப்பா,
வரதராசா